கடைசிக் குழாயில் குளோரின் எங்கே போனது?

சுத்திகரிப்பு நிலையத்தில் சோதனையில் தேறிய தண்ணீர், தெருக்கோடி வீட்டுக் குழாயில் ஏன் நாறுகிறது? பழி பெரும்பாலும் நிலையத்தின் மேல் விழும். நம் ஊர்களில் கோளாறு பல சமயம் வழியில்தான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் ஊரில், வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது, தண்ணீர் கசிந்து வெளியேறிய அதே விரிசல் வழியாக, மண்ணில் தேங்கிய நீர் உள்ளே புகும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் அதுவும் சேரும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் தெருக்களில் இந்தக் கேடு இன்னும் அதிகம்.

இதற்காகத்தான், கிருமியைக் கொல்ல நிலையத்தில் கலந்த குளோரினில் எஞ்சியது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். கடைசி வீட்டுத் தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, டிபிடி மாத்திரையைக் கரைத்தால் இளஞ்சிவப்பு ஏறும். அதை நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவு சொல்லலாம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500 கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். நிறமே வராவிட்டால், புகுந்த அழுக்கு குளோரினைத் தீர்த்திருக்கலாம். நெடுந்தூரம் வந்ததில் தானாகக் குறைந்தும் இருக்கலாம். எதுவானாலும், இனி கிருமி நுழைந்தால் தடுக்க ஒன்றுமில்லை.

100 மில்லிலிட்டரில் ஈ.கோலை அறவே தென்படக் கூடாது என்பதும் அதே தரத்தின் விதி. ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குள் ஊரே குடித்து முடித்திருக்கும்.

மாதிரி எடுக்கும் நேரம்தான் என் பெரிய கவலை. திறந்துவிட்ட முதல் சில நிமிடங்களில் வருவதுதான் பெரும்பாலும் மோசமான நீர். அரைமணி கழித்துப் பிடித்த குப்பி தேறிவிடலாம். முதல் குடம் ஏற்கெனவே அடுப்படிக்குப் போயிருக்கும். மாதிரி எடுப்பவர் வால்வு திறக்கும்போதே கடைக்கோடி வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.