உங்களுக்குத் தெரியுமா? முள் நின்றால் மீட்டர் கெட்டது என்று பொருளல்ல

நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் பிக்கப் வண்டியின் வேகமுள் அசையாவிட்டால், பழுப்பு நிலக்கரித் தூசியின் மேல் பழி போட்டு மீட்டரையே மாற்றத் தோன்றும். இரண்டிலும் அவசரம் வேண்டாம். கேபிள் வகை மீட்டரில், 1902-இல் ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற முறைப்படி, சுழலும் காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தைத் தொடாமலே இழுத்து முள்ளை நகர்த்துகிறது. கிலோமீட்டர் எண்களை ஓட்டுவதும் அதே கேபிள்தான். ஆகவே எண்கள் ஓடி முள் மட்டும் நின்றால் கோளாறு மீட்டருக்குள். இரண்டும் நின்றால் பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸில் அதைச் சுழற்றும் பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.

சென்சார் உள்ள புது வண்டிக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். அங்கே கேபிள் இல்லை. ஆனால் தேடும் வரிசை அதேதான்: சென்சார், ஒயர், கனெக்டர், கடைசியில் மீட்டர். தூசி? நிலக்கரித் தூளைக் காந்தம் ஈர்க்காது. கியர்பாக்ஸில் பொருத்திய காந்த சென்சாரின் முனையில் ஒட்டுவது உள்ளே தேய்ந்து விழும் இரும்புத் துகள். தூசியும் ஈரமும் சேர்ந்தால் கனெக்டர் கெடும் என்ற அளவில் அந்தப் பழி நியாயமே. முள் ஓடியும் கணக்கு தப்பினால் டயரைப் பாருங்கள். நிர்ணயித்ததைவிடப் பெரிய டயர் மாட்டினால், மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும். சரக்கு ஏற்றிய வண்டிக்கு இது உண்மையிலேயே ஆபத்து.