பண்ணைக் குட்டைக்கு ஒரு மரத்துறை

பண்ணைக் குட்டையில் மீன் வளர்ப்போர் தீவனம் இடவும், புட்வால்வைச் சரிபார்க்கவும் தினந்தோறும் கரைச்சரிவில் இறங்க வேண்டியுள்ளது. ஒரே இடத்தில் இறங்கி ஏறுவதால் கரை கரைகிறது. மழை நாளில் கால் வழுக்கினால், நீச்சல் தெரியாதவருக்கு ஒன்றரை மீட்டர் நீரே உயிருக்கு ஆபத்து. கரையிலிருந்து நீருக்குள் நீளும் சிறு மரத்துறை ஒன்று இருந்தால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றனவா என்பதையும் அதன்மேல் நின்று பார்க்கலாம்.

இடமும் காலமும்

சித்திரை, வைகாசியில் குட்டை வற்றியிருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். நீர் வரும் வழியையும் உபரி நீர் வெளியேறும் வழியையும் தவிர்க்கவும். நடுக்கரையில் அமைத்தால் இழுவலை கம்பங்களில் சிக்கும். எனவே ஒரு மூலையே நல்லது. பாலித்தீன் விரிப்பு இட்ட குட்டையில் கம்பம் நடக்கூடாது. விரிப்பு கிழிந்து நீர் கசியும்.

மரம் எங்கே மட்குகிறது?

மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரம், காற்று ஆகிய இரண்டும் தேவை. எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் பகுதிக்குக் காற்று கிடைக்காததால் அது எளிதில் கெடாது. நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதியும், கரை மண்ணைத் தொடும் பகுதியுமே முதலில் கெடும். கரையோர மண்ணில் கரையானும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே வெளிறு நீக்கிய கருவேல் வைரமே கம்பத்துக்கு ஏற்றது. பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கும் முற்றிய பனஞ்சட்டங்களும் உதவும். பனையைப் புதிதாக வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்ததை நினைவில் கொள்க. சவுக்குக் கம்பு விலை குறைவாக இருப்பினும் நீரோரத்தில் நெடுநாள் நிற்காது.

அமைக்கும் முறை

குட்டையின் உள்சரிவு 1.5:1 ஆகவும், முழு நீர் ஆழம் 1.5 மீட்டராகவும் இருந்தால், 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட துறை போதும்.

1. கரை முனைக் கம்பங்கள் இரண்டையும் மண்ணில் புதைக்காமல் கல் பீடத்தின்மேல் நிறுத்துக.

2. அங்கிருந்து 1.5 மீட்டரிலும் 3 மீட்டரிலும் இரண்டிரண்டு கம்பங்கள் நடுக. கம்பம் 12 முதல் 15 செ.மீ. பருமன் இருக்கவேண்டும். குழியின் ஆழம் 75 செ.மீ. கடைசிக் கம்பத்துக்குச் சுமார் இரண்டரை மீட்டர் நீளம் தேவைப்படும்.

3. தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தி, களிமண்ணை அடுக்கடுக்காக இட்டுத் திமிசால் இடிக்கவும். மணலும் ஜல்லியும் இட்டால் அவ்வழியே நீர் கசியும்.

4. கம்பத்தின் தலையில் காடி வெட்டிக் குறுக்குச்சட்டத்தை அமர்த்தி, துத்தநாகப் பூச்சுள்ள 12 மி.மீ. போல்ட்டால் முடுக்குக. வெறும் ஆணி நாளடைவில் தளரும்.

5. அதன்மேல் மூன்று நீளச்சட்டங்களை ரசமட்டம் பார்த்து வைத்து, ஒரு செ.மீ. இடைவெளி விட்டுப் பலகைகளைத் திருகாணியால் பொருத்துக. இடைவெளி இருந்தால் மழைநீர் தேங்காது. பலகை, முழு நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. மேலே இருக்கட்டும்.

பூச்சில் எச்சரிக்கை

கம்பத்துக்குத் தாரோ, கழிவு எண்ணெயோ, பூச்சிமருந்தோ, மயில்துத்தக் கரைசலோ பூசாதீர்கள். இவை நீரில் கலந்தால் மீன்கள் மடியும். மேற்பலகைகளுக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெயைக் கரையிலேயே பூசி, நன்கு உலர்ந்தபின் பொருத்தலாம்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

ஒரு பக்கம் இடுப்பளவு கைப்பிடி அமையுங்கள். முடிச்சிட்ட கயிறு ஒன்றைக் கம்பத்தில் கட்டி நீரில் தொங்கவிடுங்கள்; விழுந்தவர் பற்றி ஏற உதவும். குழந்தைகள் தனியே செல்லாதபடி கரை முனையில் படல் கட்டுக. பலகையில் படியும் பாசியை அவ்வப்போது தேய்த்து அகற்றுக. ஆண்டுதோறும் கோடையில் நீர் இறங்கியதும், கம்பங்களை நீர்மட்டம் மாறும் பகுதியில் கூரிய கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி எளிதில் இறங்கினால், அடுத்த மழைக்கு முன் அக்கம்பத்தை மாற்றிவிடுங்கள். மேலே பலகை உறுதியாகத் தெரிந்தாலும் கீழே கம்பம் மட்கியிருக்கலாம் என்பதை மறவாதீர்கள்.