புயலில் கூரை போனால் நஷ்டஈடு பெறுவது எப்படி?

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் கிளம்பும் புயல் கடலோரத்தோடு நின்றுவிடுவதில்லை. 1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரை கடந்த புயல், வெகு தூரம் உள்ளே இருக்கும் திருச்சியிலும் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. அந்தப் புயலில் 560 பேர் மாண்டனர். சுமார் 10 லட்சம் பேர் வீடிழந்தனர். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி வந்த கஜா புயல் மணப்பாறைப் பகுதி வரை மரங்களைச் சாய்த்தது. இவை போதாதென்று, சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு சூறைக்காற்றும் வருகிறது.

வாழை சாய்ந்தால் எங்கே போய் முறையிடுவது என்று தொட்டியம், லால்குடி, ஸ்ரீரங்கம் விவசாயிகளுக்குத் தெரியும். வீட்டுக் கூரை போனால்தான் திகைத்து நிற்கிறார்கள். பயிர்க் காப்பீட்டு ரசீது வீட்டுக்கு உதவாது. வீட்டுக்கு உள்ள வழிகள் இரண்டு. ஒன்று, அரசு தரும் நிவாரணம். மற்றொன்று, வீட்டுக்கென்று தனியாக எடுத்த இன்ஷூரன்ஸ். ஒன்றுக்கு மனுச் செய்தால் மற்றது தானாக வந்துவிடாது. இரண்டுக்கும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

காற்று ஓய்ந்ததும் முற்றத்தைக் கூட்டி, உடைந்த ஓட்டைக் குப்பைக் குழியில் கொட்டுவது நம் வழக்கம். அப்படிச் செய்தால் சாட்சியமும் சேர்ந்து போய்விடும். அதற்காக அதிகாரி வரும்வரை வீட்டை மழையில் நனைய விடுவதும் தவறு. மேலும் சேதமாகாமல் காப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்றே இன்ஷூரன்ஸ் விதிகள் சொல்கின்றன. ஆகவே இந்த வரிசையில் செய்வது நலம்.

1. மின்சார மெயினை அணைத்துவிட்டு, எதையும் அப்புறப்படுத்தும் முன் செல்போனில் படம் எடுக்கவும். வீடு முழுதும் தெரிய நான்கு பக்கமும், பிறகு முறிந்த கைமரம், ரீப்பர், பறந்த தகரம், நனைந்த நெல் மூட்டை என்று கிட்டத்திலும் எடுக்க வேண்டும். தென்னை கூரைமேல் விழுந்திருந்தால், மரத்தை அறுக்கும் முன்பே படம் எடுத்துவிட வேண்டும்.

2. பிறகு தார்ப்பாய் போட்டு மூடலாம். தார்ப்பாய், கயிறு, ஆள் கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வைக்கவும்.

3. உடைந்த ஓடு, முறிந்த மரம் ஆகியவற்றை ஒரு மூலையில் குவித்து வைக்கவும். கல்நார் தகடு உடைந்திருந்தால் நனைத்தபின் தொடவும். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

4. அன்றைய பத்திரிகையில் வந்த காற்று, மழைச் செய்தியை வெட்டி வைக்கவும்.

அரசு நிவாரணம்

சேதத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்க வேண்டும். ஆபத்து நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் சொல்லலாம்.

2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த நிவாரண அளவு இது. சமவெளியில் முழுதும் அல்லது கடுமையாகச் சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குறைந்தது 15 சதவிகிதம் சேதமான கெட்டிக் கட்டட வீட்டுக்கு 6,500 ரூபாய், மண்வீடு போன்ற கெட்டியில்லாத வீட்டுக்கு 4,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகைக்கு 3,000 ரூபாய். மாநில அரசு சில சமயம் கூட்டிக் கொடுப்பதும் உண்டு. கஜா புயலின்போது முழுதும் அழிந்த குடிசைக்கு 10,000 ரூபாய் கொடுத்தது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மண்சுவர் வைத்து ஓடு வேய்ந்த வீடு இடிந்து போயிருக்கும்போது, பட்டியலில் அது "குடிசை" என்று ஏறிவிட்டால், 1,20,000 ரூபாய்க்குப் பதில் 8,000 ரூபாய்தான் கிடைக்கும். கீற்று, மண், பிளாஸ்டிக் தாள் கொண்டு தற்காலிகமாகப் போட்டதே அந்த விதியில் குடிசை எனப்படும். ஆகவே கணக்கெடுக்க வரும்போது வீட்டு வரி ரசீதையும் பட்டாவையும் காட்டி, எந்த இனத்தில் எழுதுகிறார்கள் என்று மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தவறாக எழுதியிருந்தால் உடனே தாசில்தாருக்கு மனுக் கொடுக்கலாம். அந்தநல்லூர்ப் பக்கத்தவர்களுக்கு ஸ்ரீரங்கம் தாலுகா அலுவலகம். அதன் பிறகும் தீரவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம்.

இன்ஷூரன்ஸ் இருந்தால்

"நான் எடுக்கவில்லையே" என்று சொல்லும் பலரிடம் பாலிசி இருக்கும். வீட்டுக் கடன் கொடுத்த வங்கி அதை எடுத்து வைத்திருக்கக் கூடும். வங்கியில் கேட்டு நகல் வாங்கிக்கொள்ளவும்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. புயல், சூறாவளி, வெள்ளம் மட்டுமல்லாமல், மரம் விழுந்து ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். ஆனால் நாள்பட்டு உளுத்துப் போனதற்கு அது பணம் தராது. கீற்றுக் கூரையானால் விண்ணப்பத்திலேயே அப்படிக் குறிப்பிட வேண்டும். ஓடு என்று எழுதிவிட்டுக் கீற்றுக்குப் பணம் கேட்க முடியாது.

நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும். சேதத்தைக் கண்ட 30 நாட்களுக்குள் கிளெய்ம் படிவம் போய்ச் சேர வேண்டும். கடிதத்தை இப்படி எழுதலாம்:

"என் பாலிசி எண் இன்னது. இன்ன தேதி இரவு வீசிய புயலில் என் வீட்டின் தென்புறக் கூரையில் சுமார் 400 ஓடுகள் உடைந்தன. இரண்டு கைமரங்கள் முறிந்தன. மழை புகாமல் தற்காலிகமாகத் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். உடைந்த பொருள்கள் வீட்டிலேயே உள்ளன. சர்வேயரை அனுப்பக் கோருகிறேன்."

இங்கே சர்வேயர் என்பவர் நிலம் அளப்பவர் அல்லர், நஷ்டத்தை மதிப்பிடுபவர். 2024ஆம் ஆண்டு காப்பீட்டு ஆணையம் வெளியிட்ட விதிப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்தில் அவரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதிலிருந்து 7 நாட்களில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஏதோ ஒரு காகிதம் இல்லை என்பதற்காக மட்டும் கிளெய்மைத் தள்ளக் கூடாது.

சர்வேயர் வரும்போது வீட்டில் பொறுப்பான ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கொத்தனார், தச்சர் இருவரிடமும் எழுதி வாங்கிய செலவுப் பட்டியலைக் கொடுக்கவும். 400 ஓட்டை 1,000 என்று கூட்டிச் சொன்னால், நியாயமான 400க்கும் பணம் கிடைக்காமல் போகலாம்.

மறுத்தால்

மறுப்பையும் அதன் காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். திருச்சியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவதானால் இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும்.

புரட்டாசியிலேயே செய்க

மழைக்கு முன் கூரையைச் செப்பனிட்டு, நல்ல நிலையில் இருக்கும்போதே படம் எடுத்து வைப்பது நலம். "ஏற்கெனவே உளுத்திருந்தது" என்று யாரும் சொல்வதற்கு அந்தப் படமே பதிலாகும். பாலிசி, வீட்டு வரி ரசீது, பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, இன்னொரு தொகுப்பை வெளியூரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கவும். கூரை பறக்கும் இரவில் டிரங்குப் பெட்டியும் நனையும் என்பதை மறக்கலாகாது.