முதலிடம் யாருக்கு?

கடவுளுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்கிறோம். ஞாயிறு மறையுரையிலும் கேட்கிறோம். வீட்டில் பாட்டியும் அதையே சொல்கிறார்கள். ஆனால் முதலிடம் என்றால் என்ன? காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் செபம் சொல்லிவிட்டு, பின்பு நாள் முழுவதும் அவரை மறந்து திரிந்தால் அது முதலிடம் ஆகுமா? வரிசையில் முதலாவதாக நிற்பது வேறு, மதிப்பில் முதலாவதாக இருப்பது வேறு அல்லவா? பத்துக் கட்டளைகளில் முதலாவது கேட்பது இந்த இரண்டாவது வகை முதலிடத்தையே என்பது எங்கள் எண்ணம்.

முதலிடம் என்பதைப் பேரம் என்று கொள்வோரும் உண்டு. அரசுத் தேர்வு அன்று காலையில் சிற்றாலயத்தில் முழங்காலிட இடம் கிடைக்காது. மெழுகுவர்த்திகள் வரிசையாக எரியும். தேர்வு முடிவு வந்த மறு வாரம் பார்த்தால் சிற்றாலயத்தில் சிட்டுக்குருவிகள்தாம் இருக்கும்! உதவி கேட்பது தவறு அன்று. கேளுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆனால் உதவி தேவைப்படும்போது மட்டும் நினைக்கப்படுகிறவரை முதலிடத்தில் இருக்கிறவர் என்று சொல்ல முடியுமா?

ஒன்றை விட்டுக்கொடுக்க நேரும்போதுதான் யார் முதலிடத்தில் இருக்கிறார் என்பது தெரிகிறது. இதற்கு நம் தென்பாண்டிக் கடற்கரையிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1542-இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாத அவர், செபங்களைத் தமிழில் பெயர்த்து எழுதச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியுடன் தெருத் தெருவாகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்ததாகத் தம் கடிதத்தில் குறிப்பிடுகிறார். அந்தக் கரையிலும் குமரிக் கரையிலும் உள்ள கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாடு உண்டு. மீன் கிழமை பார்த்து வருவதில்லை. சனிக்கிழமை வலை வெறுமையாக வந்து, ஞாயிறன்று கடல் நிறைய மீன் ஓடினாலும் படகு கரையிலேதான் நிற்கும். மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் ஏழில் ஒரு நாள் வருமானத்தை விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த வீட்டுத் தாய்மார்களே அறிவார்கள்.

எங்களைப் போன்ற பத்தாம் வகுப்பு மாணவிகளுக்குக் கடல் இல்லை, டியூஷன் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்கே சிறப்பு வகுப்பு வைக்கிற இடங்கள் உண்டு. பல பங்குகளில் அதே நேரத்தில்தான் திருப்பலி. “இந்த ஓர் ஆண்டு மட்டும் பொறுத்துக்கொள், கடவுள் கோபிக்க மாட்டார்” என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். அவர்களைக் குறை கூற எங்களுக்கு மனமில்லை. வட்டிக்கு வாங்கிக் கட்டணம் செலுத்தும் தந்தைக்கு ஒரு வகுப்பு வீணாவது வலிக்கத்தான் செய்யும். ஆயினும் பத்தாம் வகுப்புக்குப் பின் பன்னிரண்டாம் வகுப்பு வருகிறது, அதன்பின் கல்லூரி, அதன்பின் வேலை. ‘இந்த ஓர் ஆண்டு’ எந்த ஆண்டில் முடியும்? திருச்சபையும் நம்மை நெருக்கடியில் தள்ளவில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடமை நிறைவேறும். அல்லது ஆசிரியரிடம் நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கலாம். நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இரண்டுக்கும் வழி இல்லை என்றால்? திருப்பலியே என்பது எங்கள் தீர்மானம். மதிப்பெண் கூடும் என்பதற்காக அன்று. ஒருவேளை குறையலாம் என்று தெரிந்துதான்.

அப்படியானால், படுக்கையில் கிடக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்வதற்காக ஞாயிறு பூசைக்கு வராமல் வீட்டில் இருக்கும் தாய், கடவுளை இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டாரா? இல்லவே இல்லை. நோயும் கைக்குழந்தைப் பராமரிப்பும் தக்க காரணங்கள் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே ஏற்றுக்கொள்கிறது. 1633-இல் புனித லூயிசாவுடன் சேர்ந்து பிறரன்புப் புதல்வியர் சபையை நிறுவிய புனித வின்சென்ட் தே பவுல், இதை மிக அழகாக விளக்குகிறார். செபவேளையில் ஓர் ஏழை வந்து கதவைத் தட்டினால் செபத்தை விட்டுவிட்டு ஓடுங்கள், அது கடவுளை விட்டுக் கடவுளிடமே போவதாகும் என்பது அவர் போதனை. ஆகவே செபத்தை விடுவது எதற்காக என்பதே கேள்வி. பாட்டிக்குக் கஞ்சி கொடுக்க விடுவதும், தொலைக்காட்சித் தொடருக்காகக் குடும்பச் செபமாலையை விடுவதும் ஒன்றாகிவிடாது.

பெரிய தியாகம் செய்ய வாய்ப்பில்லாத நாட்களே நமக்கு அதிகம். அந்த நாட்களுக்குச் சிறுமலர் தெரசம்மாளைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். பிரான்சு நாட்டு லிசியே நகரில் கார்மேல் மடத்தில் அவர் சேர்ந்தது 1888-இல். அப்போது அவருக்கு வயது பதினைந்து, எங்கள் வயதுதான்! ஒரு நாள் துணி துவைக்கும்போது எதிரே நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரை அவர் முகத்தில் தெறிக்கும்படி துவைத்துக்கொண்டே இருந்தார். முகத்தைத் துடைத்துக்காட்டி உணர்த்தலாம் என்றுதான் முதலில் தோன்றியதாம். பின்பு அதைக் காணிக்கையாக்கி, மகிழ்ச்சியோடு நின்றுவிட்டார். விடுதிக் குழாயடியில் வாளியுடன் நிற்கும் தோழிகளுக்கு இதன் அருமை விளங்கும். இன்னும் ஒன்று: தியான நேரத்தில் தமக்குத் தூக்கம் வந்துவிடும் என்று அவரே எழுதியிருக்கிறார். தூங்கும் பிள்ளையையும் பெற்றோர் நேசிக்கிறார்கள் அல்லவா என்று ஆறுதல் பட்டுக்கொண்டார்! 24-ஆம் வயதில் இறந்த இவரைத்தான் 1997-இல் திருச்சபை மறைவல்லுநர் என்று அறிவித்தது.

நாளுக்கு நாள் கடவுளை நினைவூட்ட நம் முன்னோர் கண்ட எளிய வழி ஒன்று உண்டு. அது மூவேளை செபம். பாட்டிமார் ‘திரிகால செபம்’ என்பார்கள். காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி ஒலிக்கும். வானதூதர் மரியாளுக்குச் சொன்ன செய்தியை நினைத்து மூன்று முறை ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வதே அதன் உயிர். மூன்று வேளை வழக்கமும் ஒரே நாளில் தோன்றவில்லை. மாலை வழக்கம் பழையது. 1456-இல் பெல்கிரேடு முற்றுகையின்போது திருத்தந்தை மூன்றாம் கலிஸ்து நண்பகலில் மணி அடித்து மன்றாடக் கட்டளையிட்டார். வயலில் உழைக்கும் கணவனும் மனைவியும் வேலையை நிறுத்தித் தலைகுனிந்து நிற்கும் மிலேயின் ஓவியம் இந்தச் செபவேளையைக் காட்டுவதே. உருளைக்கிழங்குக் கூடை காலடியில் அப்படியே இருக்கிறது.

இதில் எங்களைக் கவர்வது நண்பகல் மணிதான். காலையிலும் மாலையிலும் நாமாக நேரம் ஒதுக்குகிறோம். நண்பகல் மணி அப்படி அன்று. கணக்குப் பாதியில் நிற்கும்போது வருகிறது, குழம்பு கொதிக்கும்போது வருகிறது. இரண்டு நிமிடம்தான் கேட்கிறது. அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுச் சொல்லலாம். ஒருவர் முன்மொழிய மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். உயிர்ப்புப் பெருவிழா முதல் தூய ஆவியார் பெருவிழா வரை இதற்குப் பதிலாகத் தேவதாயை விண்ணக அரசியாக வாழ்த்தும் செபத்தைச் சொல்ல வேண்டும். அதை நின்றுகொண்டு சொல்வதே மரபு. மணி கேட்காத தெருவில் குடியிருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.