விருப்பம் ஆயிரம், விற்றது எத்தனை?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏறி, அங்கிருந்து கரடியூர் போய்ச் சேர்ந்தோம். காட்சி முனையிலே நின்றால் கீழே சமவெளி விரிந்து கிடக்கிறது. ஆனால் அதைப் பார்ப்பாரைத்தான் காணோம்! வந்தவர்களெல்லாம் சமவெளிக்கு முதுகையும் கைப்பேசிக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். படம் பிடிக்கிறார்கள்; ஏற்றுகிறார்கள்; எத்தனை பேர் 'லைக்' போட்டார்கள் என்று எண்ணுகிறார்கள். எண்ணட்டும்! இளமை, விடுமுறை, அவர்களோடு நமக்கென்ன வழக்கு?

வழக்கு, சாலையோரத்திலே இருக்கிறது. அங்கே ஒரு தோழர் காப்பித்தூளும் மிளகும் விற்கிறார். தோட்டக் கூலிகளாக உழைத்த குடும்பத்திலே பிறந்தவர். இன்று கையளவு நிலம். அதிலே சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடி. நிழலிலே அரபிக்காச் செடி. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. துரைமாருக்குப் பறித்துக் கொடுத்த கைகளின் வழிவந்தவர், இன்று தமக்கென்று பறித்து, தாமே வறுத்து, தாமே அரைத்து, கால் கிலோப் பொட்டலமாகக் கட்டி விற்கிறார். நமக்கு அதுவே ஒரு மகிழ்ச்சி.

அவரிடம் வந்தார் ஓர் இளைஞர். "இன்ஸ்டாகிராமிலே விளம்பரம் போட்டுத் தருகிறேன் அண்ணே, உங்கள் காப்பி ஊரெல்லாம் மணக்கும்" என்றார். மிளகு விற்ற பணத்திலே ஒரு பகுதி அதற்குப் போயிற்று. மாதக் கடைசியிலே அறிக்கை வந்தது. வண்ண வண்ணக் கோடுகள், அத்தனையும் ஏறுமுகம்! இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள், இத்தனை நூறு பேர் விரும்பினார்கள், இத்தனை பேர் பகிர்ந்தார்கள்! தோழர் அந்தத் தாளை நம்மிடம் நீட்டினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க அண்ணே. வித்தது எவ்வளவுன்னு மட்டும் இதுல இல்லீங்களே?"

மேடை கண்டவர்கள் நாம். அந்தக் கேள்வியின் பொருள் நமக்குப் புரியாமற் போகுமா? 1962 தேர்தலிலே சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் கழகம் 50 இடங்களைப் பிடித்தது. அதே தேர்தலிலே காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார்! அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் திரளவில்லையா? திரண்டது. கைதட்டவில்லையா? தட்டினார்கள். தட்டிய கைகளெல்லாம் வாக்குச் சீட்டைப் பெட்டியிலே போடும்போது அதே சின்னத்திலே முத்திரை குத்தினவா என்பதுதான் கேள்வி. அதனாலேதான் நம் வாக்குச்சாவடி முகவர், பட்டியலும் பென்சிலுமாக உட்கார்ந்து பேருக்குப் பேர் கோடு போடுகிறார். லைக் என்பது கைதட்டல். காசு கொடுத்து வாங்கிய பொட்டலம்தான் வாக்கு.

அந்தக் கைதட்டலையாவது ஒழுங்காக எண்ணுகிறார்களா? 2016-லே முகநூல் நிறுவனமே ஒரு பிழையை ஒப்புக்கொண்டது. மக்கள் ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று விளம்பரதாரர்களுக்குக் கணக்குக் கொடுத்தபோது, 3 விநாடிக்குக் குறைவாகப் பார்த்துவிட்டு ஓடியவர்களைக் கழித்துவிட்டுச் சராசரி எடுத்திருந்தார்கள். பொதுக்கூட்டத்திலே பாதியில் எழுந்து போனவனை விட்டுவிட்டு, 'வந்தவர் அனைவரும் கடைசிவரை இருந்தனர்' என்று செய்தி போடுவது போல! விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-லே 4 கோடி டாலர் தருவதாக ஒத்துக்கொண்டு நிறுவனம் அதை முடித்துக்கொண்டது. அளக்கப்படுகிறவன் கையிலேயே அளவுகோலும் இருந்தால் வேறென்ன நடக்கும்?

இன்னொரு சூதும் உண்டு. விளம்பரத்தைத் தட்டிய 7 நாளுக்குள் ஒருவர் பொருளை வாங்கினாலும், தட்டாமல் பார்த்துவிட்டு 1 நாளுக்குள் வாங்கினாலும், அந்த விற்பனை தன் விளம்பரத்தால் நடந்தது என்று வரவு வைத்துக்கொள்வது மெட்டா நிறுவனத்தின் வழக்கமான கணக்கு முறை. பத்து வருடமாக மாதந்தோறும் வாங்குகிற வாடிக்கைக்காரர் இந்த மாதமும் வாங்குகிறார். இடையிலே விளம்பரம் அவர் கண்ணிலே பட்டுவிட்டது. உடனே, 'பார்த்தீரா, நாமே விற்றுக் கொடுத்தோம்!' என்கிறது கணக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை!

கணக்கு விளங்கட்டும் என்பதற்காக ஒரு தொகையை நாமே வைத்துக்கொள்வோம். விளம்பரச் செலவு 2,000 ரூபாய். அந்த மாதம் விற்றது 60 பொட்டலம். 'பொட்டலத்துக்கு 33 ரூபாய்தானே செலவு, லாபமோ 80 ரூபாய், ஓகோ!' என்று துள்ளலாம். பொறுங்கள். விளம்பரம் இல்லாத முந்தைய மாதம் விற்றது 45. அப்படியானால் கூடுதல் 15 பொட்டலம்தான். 15 பொட்டலத்துக்கு லாபம் 1,200. கைவிட்டுப் போனது 800! சரி, அந்த 15-ஆவது விளம்பரத்தால் வந்ததா? அது மே மாதமாக இருந்தால், கோடை விழாவுக்கும் மலர்க்காட்சிக்கும் வந்த கூட்டமே வாங்கியிருக்கலாமே!

இந்தச் சிக்கலை அவிழ்க்க வழியே இல்லையா? உண்டு. அமெரிக்காவிலே ஈபே என்ற பெரிய இணைய அங்காடி 2012-லே ஒரு சோதனை செய்தது. தேடுபொறியிலே கொடுத்துவந்த விளம்பரத்தைச் சில பகுதிகளில் நிறுத்தியது; மற்றப் பகுதிகளில் தொடர்ந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் பொருளாதார அறிஞர்கள். நிறுத்திய இடத்திலே விற்பனை சரிந்து விழுந்ததா? பெரும்பாலும் இல்லை! அடிக்கடி வாங்குகிறவர்கள் விளம்பரம் இல்லாமலே வந்து வாங்கினார்கள். புதியவர்களிடத்திலும் எப்போதாவது வாங்குகிறவர்களிடத்திலும்தான் விளம்பரம் வேலை செய்தது. பிராக்டர் அண்ட் கேம்பிள் என்னும் சோப்புக் கம்பெனி 2017-லே ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கும் மேல் இணைய விளம்பரத்தை வெட்டியது. விற்பனை வளர்ச்சியிலே குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று அறிவித்தது.

கோடிகளைக் கொட்டுகிறவனே நிறுத்திப் பார்த்துத்தான் உண்மையைக் கண்டுபிடித்தான் என்றால், மிளகுக் காசைப் போடுகிறவர் பார்க்கவேண்டாமா? கரடியூர்த் தோழரிடம் நாம் சொன்னது இதுதான்: எந்த ஊர்க்காரருக்கு விளம்பரம் காட்டவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி அங்கேயே இருக்கிறது. வாட்சாப்பிலே ஆர்டர் போடுகிறவர் ஊரும் முகவரியும் தந்துதானே ஆகவேண்டும்? ஈரோட்டுக்கு ஒரு மாதம் காட்டுங்கள், திருப்பூருக்குக் காட்டாதீர்கள். அடுத்த மாதம் மாற்றிப்போடுங்கள். பருவமும் பண்டிகையும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். மிஞ்சுகிற வேறுபாடு விளம்பரத்தினுடையது. ஆனால் ஒன்று, அவசரப்படக்கூடாது. மாதம் நாலு பொட்டலம் இங்கே, ஆறு பொட்டலம் அங்கே என்று விற்கிற கடையிலே, அந்த இரண்டு கூடுதல் வெறும் தற்செயலாகவும் இருக்கும். ஐந்தாறு மாதமாவது கோடு போட்டுப் பார்த்த பிறகே முடிவு.

லைக் எல்லாம் பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. கூட்டமே வராத கட்சிக்கு வாக்கும் வராது. பேர் தெரியாத காப்பியை யார் தேடி வாங்குவார்? இன்று படத்தைப் பார்த்தவர் ஆறு மாதம் கழித்து மலைக்கு வரும்போது கடையைத் தேடிப் பிடிக்கலாம். ஆகவே புதியவர் யார், பழையவர் யார், வந்த புதியவர் இரண்டாம் முறையும் வாங்கினாரா என்று பிரித்து எழுதவேண்டும். ஒருமுறை வாங்கி ஓடுகிற பத்துப் பேரைவிட, மாதந்தோறும் வாங்குகிற இரண்டு பேர் அடுப்பை எரியவைப்பார்கள். அறிக்கை கொண்டுவரும் இளைஞரிடமும் கோபம் வேண்டியதில்லை. அவரும் பிழைக்க வந்தவர்தான். 'அடுத்த மாதம் இந்தக் கணக்கையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள் தம்பி' என்று சொன்னால் போதும்.

தோழர் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினார். தேதி, ஊர், பழையவரா புதியவரா, எப்படித் தெரிந்தது என்று நாலு கட்டம் போட்டார். சென்ற வாரம் தொலைபேசியிலே அழைத்தார். ஈரோடு 7, திருப்பூர் 5 என்று வாசித்துக்கொண்டே வந்தவர், இடையிலே நிறுத்தினார்.

"அண்ணே, ஆத்தூர்லேர்ந்து ஒரு அம்மா புதுசா வாங்கியிருக்காங்க. எப்படித் தெரியும்னு கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு டம்ளர் போட்டுக் குடுத்தாங்க, நல்லா இருந்துச்சுன்னாங்க. ஆத்தூருக்கு நாம விளம்பரமே காட்டலைங்களே. இதை எந்தக் கட்டத்துல எழுதறது?"

ஐந்தாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னோம்.