கடன் வாங்காத கழித்தல்

ஊரில் ஏழு வருடங்கள் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு அட்சரகணித விரிவுரை செய்தவன் நான். இப்போது ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையின் பொதியிடும் பகுதியில் வேலை செய்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு, எட்டு வயது மகளுக்கு 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லிக் கொடுக்க முடியாமற் போனது. இது என் வீட்டில் மட்டும் நடப்பதல்ல என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

மகள் இரண்டாம் வகுப்பு. அவளுடைய ஆசிரியை பிள்ளைகளை இன்னும் குச்சிகளோடும் மணிகளோடும் எண்கோட்டோடும் வைத்திருந்தார். 'இங்கை ஒண்டும் படிப்பிக்கிறதில்லை' என்று எம்மவர் கூடும் இடங்களில் கேட்கும் குறைதான் என் மனதிலும் இருந்தது. இந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் 4ம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வெவ்வேறு தரப் பாடசாலைகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். அந்தப் பயமும் சேர்ந்துகொள்ள, ஒரு மாலை கொப்பியை எடுத்து எங்கள் முறையைத் தொடங்கினேன்.

"இரண்டிலை ஏழு போகாது பிள்ளை. பக்கத்திலை ஒண்டு கடன் வாங்கு."

செய்தாள். மறுநாள் அதே கணக்குக்கு 35 என்று எழுதினாள். சத்தம் போட்டேன். அழுகை அடங்கியபின் கேட்டாள்: "அப்பா, கடன் வாங்கினா பிறகு ஆரிட்டைத் திருப்பிக் குடுக்கிறது?"

ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க வாங்கிய கடனை ஆறு வருடம் கட்டியவன் நான். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

பதில் கிடைத்தது வேலைத்தலத்தில். எங்கள் பகுதியில் பொருட்கள் பத்துப் பத்தாகப் பெட்டியில் இருக்கும். ஒரு நாள் மேசையில் ஐந்து பெட்டிகளும் இரண்டு உதிரிகளும் இருந்தன. கேட்கப்பட்டிருந்தது 27. இரண்டு பெட்டிகளைக் கொடுக்கலாம். ஏழு உதிரிக்கு எங்கே போவது? ஒரு பெட்டியைப் பிரித்தேன். இப்போது நான்கு பெட்டிகள், பன்னிரண்டு உதிரிகள். அதே 52தான். இரண்டு பெட்டிகளும் ஏழு உதிரிகளும் போக, இரண்டு பெட்டிகளும் ஐந்து உதிரிகளும் மிஞ்சின. 25.

இதில் யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக அவிழ்ந்தது, அவ்வளவுதான். ஜேர்மன் ஆசிரியர்கள் இதற்கு 'என்ட்ப்யுண்டெல்ன்' என்கிறார்கள். கட்டவிழ்த்தல் என்று பொருள். நாம் கற்ற 'கடன்' என்ற சொல், நடந்ததை மறைத்துச் சடங்கை மட்டும் கையளிக்கிறது.

அந்த 35உம் முட்டாள்தனமான விடை அல்ல. 52ஐ ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளுமாகக் காணாமல், அருகருகே நிற்கும் 5, 2 என்ற இரண்டு தனி எண்களாகக் காணும் பிள்ளை, ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது: 7இல் 2 போக 5, 5இல் 2 போக 3. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பிழையை அழித்துவிட்டால் அந்த ஒழுங்கு தெரியாமற் போய்விடும். 'எப்படிச் செய்தாய்?' என்று கேட்டால் தெரியும். நான் கேட்கவில்லை.

இன்னொரு சிக்கல் மொழியில் இருக்கிறது. நாம் 'நாற்பத்தேழு' என்கிறோம்: முதலில் பத்து, பிறகு ஒன்று. எழுதும் வரிசையும் அதுவே. ஜேர்மன் மொழியில் இது 'ஸீபன் உன்ட் ஃபியர்ட்ஸிஷ்', அதாவது ஏழும் நாற்பதும். காதில் முதலில் விழும் ஏழை முதலில் எழுதி 74 ஆக்குவது ஜேர்மன் பிள்ளைகளுக்கும் நேர்வதுதான். வீட்டில் ஒரு வரிசையும் வகுப்பில் மறு வரிசையுமாக வாழும் எங்கள் பிள்ளைக்கு அது இன்னும் இயல்பு. நோர்வேயிலும் முன்பு இப்படித்தான் எண்ணினார்கள். தொலைபேசி எண்களைச் சொல்வதிலுள்ள குழப்பம் காரணமாகப் பாராளுமன்றமே தீர்மானித்து, 1951 யூலை முதல் பத்தை முன்னே சொல்லும் முறையைக் கொண்டு வந்தார்கள். ஆனாலும் பழைய முறை பேச்சிலிருந்து முற்றாக மறையவில்லை.

இதைக் கேட்டு 'தமிழே அறிவியல் மொழி' என்று யாரும் மேடை போட வேண்டாம். எண்பதுக்குப் பிறகு எமக்கு வருவது தொண்ணூறு. அதற்குள் நூறு ஒலிக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. பிள்ளை தடுமாறினால் வியப்பில்லை. ஆனால் பழைய தமிழ் எழுத்தில் பயனுள்ள ஒன்று உண்டு. 47ஐ ௪௰௭ என எழுதினார்கள்: நான்கு, பத்து, ஏழு. பத்துக்கென்றே தனிக் குறி. இன்றைய எழுத்தில் பத்து கண்ணுக்குத் தெரிவதில்லை, இடத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுகொள்ளவே ஆரம்ப வகுப்பில் குச்சிகளும் மணிகளும் தேவைப்படுகின்றன. நான் கேலி செய்த அந்த 'விளையாட்டு'த்தான் உண்மையில் கணிதம். நான் அவசரப்பட்டுக் கொடுத்தது வெறும் கைவேலை.

இந்த அவசரம் எமக்கு எங்கிருந்து வந்தது? 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலின் பின், ஒரு புள்ளியில் வாழ்க்கை மாறுவதை எங்கள் சமூகம் கண்டது. வேகமும் பிழையின்மையுமே கணிதம் என்று என் தலைமுறை நம்பி வளர்ந்தது. அந்தக் காயம் உண்மையானது. ஆனால் அதைச் சனிக்கிழமை ரியூசன் வகுப்புகளின் ஊடாக, அந்தக் காயத்தை அறியாத பிள்ளைகளுக்குக் கைமாற்றுவது நியாயமா?

மனனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாடு மனதில் இருக்கத்தான் வேண்டும்; ஒவ்வொரு முறையும் 7×8ஐக் கூட்டிக் கண்டுபிடிக்கும் பிள்ளை களைத்துப் போகும். எங்கள் முறையும் தவறானதல்ல. பொருள் விளங்கியபின் வரவேண்டியது முன்னே வந்துவிடுகிறது என்பதே என் முறைப்பாடு. இங்குள்ள பாடசாலைகளிலும் குறைகள் உண்டு. வீட்டு மொழியின் எண் வரிசை வேறு என்பதை எங்களிடம் கேட்டறிந்த ஆசிரியர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. நாங்களாவது போய்ச் சொல்லலாம்.

ஐஸ்கிறீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக றப்பர் வளையத்தால் கட்டி மகள் முன் வைத்தேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. நான் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றினாள். ஏழை எண்ணி எடுத்தாள், இரண்டு கட்டுகளைத் தள்ளி வைத்தாள். "இருபத்தைஞ்சு. கடன் ஒண்டும் இல்லை, அப்பா" என்றாள்.

சனிக்கிழமை வகுப்புகள் நடத்தும் நண்பர்கள் பலர் இதனோடு உடன்படமாட்டார்கள். அவர்களின் மறுப்பை எதிர்பார்க்கிறேன்.