பாட்டே இல்லாத கேசட்!

"என்னடா இது? பாட்டு எப்போ வரும்?"

அப்பா கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. டேப்ரிக்கார்டரில் வயலின் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. ஒருவரும் பாடவில்லை!

இது நடந்தது ராஜபாளையத்தில், எங்கள் வீட்டில். அண்ணன் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சம்பளம் வாங்கிய அன்று கடைத்தெருவுக்குப் போய் இளையராஜா கேசட் ஒன்று வாங்கி வந்தார். இளையராஜா என்றதும் வீடே கூடி உட்கார்ந்தது. சினிமாப் பாட்டு என்று நினைத்தோம். கடைசி வரை பாட்டு வரவே இல்லை.

"காசைக் கரியாக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போனார். அப்போது எங்கள் வீட்டில் கட்டட வேலை பாதியில் நின்றிருந்தது. சுவர் எழும்பிவிட்டது. மேலே தளம் போடப் பணம் இல்லை. அந்த நேரத்தில் கேசட் வாங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது?

அந்தக் கேசட்டின் பெயர் 'ஹவ் டு நேம் இட்'. 'இதற்கு என்ன பெயர் வைப்பது?' என்று பொருள். 1986-ல் வெளிவந்தது. இன்று என்னிடம் யாராவது, "இளையராஜாவின் சினிமாப் பாட்டெல்லாம் கேட்டாயிற்று, வேறு என்ன கேட்கலாம்?" என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன். சொல்வதோடு நிற்க மாட்டேன். எந்த வரிசையில் கேட்பது என்றும் சொல்வேன். எடுத்த எடுப்பில் தவறான இடத்தில் தொடங்கினால், எங்கள் அப்பாவைப் போல எழுந்து போய்விடுவீர்கள்!

மேல்நாட்டிலும் இதே கதை

சினிமாப் பாட்டு என்றால் ஒரு கணக்கு உண்டு. பல்லவி, சரணம், இடையிலே கொஞ்சம் வாத்தியம். நாலைந்து நிமிடத்தில் முடிய வேண்டும். மேல்நாட்டு 'ராக்' இசையிலும் அப்படித்தான் இருந்தது. கிதாரும் டிரம்சும் சேர்ந்து மூன்று நிமிடத்தில் ஒரு பாட்டு.

இங்கிலாந்து இளைஞர்கள் சிலர் 1960-களின் இறுதியில் அந்தக் கணக்கை மீறினார்கள். 'ஜெத்ரோ டல்' என்ற குழு 1972-ல் ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. தட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே ஒரு பாட்டு! 'எமர்சன், லேக் அண்ட் பால்மர்' என்ற மூவர் குழு, முசோர்க்ஸ்கி என்ற ருஷிய மேதையின் பழைய பியானோ இசையை எடுத்து, மின்சார வாத்தியங்களில் வாசித்தது. 'பிங்க் ஃபிளாய்ட்', 'யெஸ்' என்று இன்னும் பல குழுக்கள். இந்த வகைக்கு 'முற்போக்கு ராக்' என்று பெயர் வந்தது. அங்கேயும் பல தகப்பனார்கள், "பாட்டு எப்போ வரும்?" என்று கேட்டிருப்பார்கள்.

இளையராஜா ராக் குழு நடத்தியவர் அல்ல. ஆனால் கிதார் அறிந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்தார். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார், வாசித்தார். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பத்து ஆண்டு கழித்து, படம் இல்லை, கதாநாயகன் இல்லை, பாடகரும் இல்லை என்று ஒரு கேசட் போட்டார் என்றால், அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

முதலில் எதைக் கேட்பது?

பாக் என்ற ஜெர்மானிய இசை மேதை 1685-ல் பிறந்து 1750-ல் மறைந்தார். நம் தியாகராஜ சுவாமிகள் பிறந்தது 1767-ல். இருவரும் ஒரே காலத்தில் வாழவில்லை. ஒருவரை ஒருவர் கேட்டதும் இல்லை. இந்த இருவருக்கும்தான் இளையராஜா இந்த இசையைக் காணிக்கை ஆக்கினார். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது. பத்து உருப்படிகள். வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன்.

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியில் தொடங்குங்கள். 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்று பொருள். பாக் தனி வயலினுக்கு எழுதிய ஒரு துண்டு இதில் வருகிறது. வேகமாக ஓடும். அதோடு நம்மவர் தம்முடைய இசையைப் பின்னுகிறார். வந்த விருந்தாளியிடம் வீட்டுக்காரர் பேச்சுக் கொடுப்பது போல இருக்கும்.

அடுத்து தலைப்பு இசை. அதற்குப் பிறகு 'மேட் மாட் மூட் ஃபியூக்'. இதில் 'ஃபியூக்' என்பது என்ன? நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணியை அங்கே தறியில் நெய்கிறார்கள். பாவு நூல் நீளமாக நிற்கும். ஊடை நூல் குறுக்கே போய் வரும். பாவு பெரிதா, ஊடை பெரிதா? ஒன்று இல்லாமல் துணி இல்லை. சினிமாப் பாட்டில் பாடகர் குரல் முன்னால் போகும், வாத்தியங்கள் பின்னால் வரும். ஃபியூக்கில் அப்படி இல்லை. ஒரு வாத்தியம் ஒரு மெட்டைத் தொடங்கும். சிறிது நேரத்தில் இரண்டாவது வாத்தியம் அதே மெட்டை எடுத்துக்கொள்ளும். பிறகு மூன்றாவது. முதலில் தொடங்கியது சும்மா இராது, வேறு வழியில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் சமம். எல்லாம் பின்னிக்கொள்ளும். முதல் தடவை கேட்கும்போது ஏதோ ஒரு நூலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். மறு தடவை வேறு நூல். நாலு தடவை கேட்டால் துணி முழுவதும் தெரியும்.

'டோன்ட் கம்பேர்', அதாவது 'ஒப்பிடாதே' என்று ஓர் உருப்படிக்குப் பெயர். கேட்டவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது!

அப்பா கேட்ட கேள்வி

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகள் கழிந்தன. தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் விருது பெற்ற படங்களைப் போடுவார்கள். ஒரு ஞாயிறு 'வீடு' வந்தது. பாலுமகேந்திரா இயக்கிய படம். 1988-ல் வெளிவந்தது. ஒரு பெண் சொந்த வீடு கட்டப் படும் பாடுதான் கதை. அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. தாத்தாவாக சொக்கலிங்க பாகவதர் நடித்திருப்பார். படத்தில் பாட்டே கிடையாது.

அப்பா அசையாமல் பார்த்தார். சிமெண்ட், கம்பி, மேஸ்திரி, கடன்... எல்லாம் எங்கள் வீட்டுக் கதை. தாத்தா வரும் இடங்களில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். படம் முடிந்ததும் கேட்டார்.

"இந்த வயலினை எங்கேயோ கேட்டிருக்கேனே?"

ஆம்! 'ஹவ் டு நேம் இட்' இசையைத்தான் பாலுமகேந்திரா அந்தப் படத்துக்குப் பின்னணியாக எடுத்துப் போட்டிருந்தார்.

"பெரியவன் வாங்கிட்டு வந்தானே, அந்தக் கேசட் எங்கே? போடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கேசட் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. ஆனால் அதன் ஒரு பக்கத்தில் நான் ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டேன். "யாரும் கேட்காத கேசட்தானே" என்ற தைரியம்! அண்ணனுக்கு இது அதற்கு முன்பே தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

மிச்சம் இருந்த ஒரு பக்கத்தைப் போட்டேன். அப்பா கடைசி வரை உட்கார்ந்து கேட்டார். "அந்தப் பக்கத்தைத் திருப்பு" என்றார். நான் திருப்பவில்லை. கரண்ட் போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழி இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது வாத்திய இசை பிடிக்கவில்லையா? 'வீடு' படத்தை முதலில் காட்டுங்கள். கேசட்டைப் பிறகு போடுங்கள்.

காற்றும் உலக்கையும்

1988-ல் 'நத்திங் பட் விண்ட்' வந்தது. 'காற்றைத் தவிர வேறில்லை' என்று பொருள். புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. ஐந்து உருப்படிகள். முதல் இசையை விட இது சாதுவானது. இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க ஏற்றது. 'மொசார்ட் ஐ லவ் யூ' ஒன்றை மட்டுமாவது கேளுங்கள்.

பாட்டு இருந்தால்தான் கேட்பேன் என்பவர்களுக்கு 'திருவாசகம்'. இது 2005-ல் வந்தது. மாணிக்கவாசகர் பாடல்களுக்கு ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. இளையராஜாவே பாடியிருக்கிறார். மொத்தம் ஆறு. பலரும் 'பொல்லா வினையேன்' என்பதை முதலில் போட்டுவிட்டுப் பயந்துபோகிறார்கள். அது சுமார் 20 நிமிடம் ஓடும்! 'முத்து நற்றாமம்' என்பதில் தொடங்குங்கள். பெண்கள் கூடி நின்று உலக்கையால் வாசனைப் பொடி இடிக்கும்போது பாடுவதாக அமைந்தது அந்தப் பதிகம். மிளகாய் இடித்த கைகளுக்கு அந்தத் தாளம் சொல்லித் தர வேண்டியதில்லை.

'பொல்லா வினையேன்' கடைசியில். நேரம் ஒதுக்கி, உட்கார்ந்து கேட்க வேண்டியது.

கோதை ஊரில்

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் சுமார் 12 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். பதினோரு நிலைக் கோபுரம் தூரத்திலேயே தெரியும். திருப்பாவை முப்பதும், நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களும் பாடிய ஆண்டாள் பிறந்த ஊர். பால்கோவா வாங்கவாவது எல்லாரும் போயிருப்பீர்கள்.

2024 டிசம்பர் 15, ஞாயிறு. மறுநாள் மார்கழி பிறப்பு. அன்று ஆண்டாள் கோவில் ஆடிப்பூரக் கொட்டகையில், இளையராஜா இசையமைத்த 'திவ்ய பாசுரங்கள்' இசை, நாட்டிய நிகழ்ச்சி நடந்தது. அவரும் வந்திருந்தார். அன்று கோவிலுக்குள் நடந்தது பற்றிப் பல செய்திகள் பரவின. நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார்கள் என்று பிறகு அவரே மறுத்தார். நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. பாசுர இசையைப் பற்றி அந்த வாரம் பேசியவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம்தான்.

ஆண்டாள் பாசுரத்துக்கு அவர் இசை அமைப்பது அது முதல் தடவை அல்ல. 1990-ல் வந்த 'கேளடி கண்மணி' படத்தில் எஸ். ஜானகி பாடிய 'வாரணம் ஆயிரம்' நினைவிருக்கிறதா? கல்யாணக் கனவுப் பாசுரம். 'மண்ணில் இந்தக் காதல்' பாட்டின் புகழில் இது மறைந்துபோயிற்று. அதைத் தேடிக் கேட்டுவிட்டுப் பிறகு 'திவ்ய பாசுரங்க'ளுக்கு வாருங்கள்.

2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் அவருடைய முதல் சிம்பொனி 'வேலியன்ட்' அரங்கேறியது. ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. அப்போது அவருக்கு வயது 81.

அண்ணன் இப்போது மில்லிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அப்பா இல்லை. அந்த வீட்டுக்குத் தளம் போட்டு முடித்து, இரண்டு தடவை வெள்ளையும் அடித்தாயிற்று. போன மாதம் என் பேத்தி செல்போனில் 'ஹவ் டு நேம் இட்' பத்து உருப்படியையும் எடுத்து அண்ணனிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலைப் பார்த்தார்.

"உங்க தாத்தா அழிச்சது இதுல எதெல்லாம் தெரியுமா?" என்று அவளிடம் கேட்டார். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒன்றுகூடத் தவறவில்லை.